பைப்பின் அடிப்பக்கம்

ஆம்பூர்,
6.1.2025

தம்பி நவநீதனுக்கு,

போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். உன் மனைவி எழிலரசியின் போனிலும் அப்படியே. அதனால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

நம் லாரி டிரைவர் கோவிந்தசாமி போன வாரம் பாகாயத்தில் சரக்கு இறக்கிவிட்டு வந்தான். வந்ததும் குடோனில் எல்லாருக்கும் நடித்துக் காட்டினான். "மொதலாளி, உங்க தம்பி படுத்துனே சைக்கிள் ஓட்டறாரு. காலு ரெண்டும் முன்னால, தலை பின்னால. ஒரு பாய் பின்னாடி புடிச்சினு ஓடறாரு. சங்கு ஊத ஒரு ஆளுதான் கொறச்சல்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகில் கம்பி வைத்துத் தைத்த ஆள் நீ. இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருக்க மாட்டாய் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

நமக்குள் சண்டை இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. குடோன் பரண் சரிந்து உன்மேல் விழுந்து பதினான்கு மாதம் ஆகிறது. தாங்கும் அளவுக்கு மேல் கியர் பாக்ஸை நீதான் ஏற்றினாய் என்று நான் சொன்னேன், சொந்தக்காரர்கள் முன்னாலும் சொன்னேன். நீ பாகாயத்துக்குக் குடி போய்விட்டாய். அது வேறு, இது வேறு.

அந்த வண்டியை யார் செய்தது? எதில் செய்தது? மூடிப்போன தோல் டேனரிகளின் இரும்பை வாங்கி விற்றே தலை நரைத்தவன் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

உன் அண்ணன்,
கோதண்டபாணி


பாகாயம்,
12.1.2025

அண்ணனுக்கு,

கிழிக்கவில்லை. எழிலரசி படித்துவிட்டு, "பதில் போட்டுடுங்க. இல்லன்னா நேர்ல வந்து நிப்பாரு" என்றாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

சாதாரண சைக்கிளில் குனிந்து உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் எனக்கு இடது கால் மரத்துப் போகிறது. பஸ்ஸில் நின்றாலும் அப்படித்தான். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பல்லைக் கடிக்க வேண்டும். சாய்ந்து கிடந்தால் மட்டும் வலி இல்லை. இங்கே தபரேஸ் என்று ஒருவர், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தவர், நான் ஈசி சேரில் சாய்ந்தபடியே வேலை செய்வதைப் பார்த்து, "இதுக்கே ரெண்டு சக்கரம் மாட்டிட்டா இன்னாண்ணே?" என்றார். விளையாட்டாகச் சொன்னதை மூன்று மாதத்தில் செய்தும் முடித்துவிட்டார். எங்கேயோ வெளிநாட்டில் இப்படி ஓட்டுகிறார்களாம். போனில் படம் பார்த்துச் செய்தது.

நடுவில் நீளவாக்கில் ஒரே ஒரு இரண்டு அங்குல பைப். அதன் முன் நுனியில் பெடல். பின்னால் சாய்வு இருக்கை, தோல் பட்டையில் பின்னியது. முன் சக்கரம் குழந்தைகள் சைக்கிளுடையது. மூன்று சைக்கிளின் செயினை ஒன்றாகக் கோத்திருக்கிறார். பைப் ஆறடித் துண்டு, வெட்டவே வேண்டியிருக்கவில்லை. ஆம்பூர் பக்கத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கியதாம். வெள்ளிப் பெயிண்ட் அடித்துப் புதுசு போலவே இருக்கிறது.

முதல் நாள் நாற்பது தடவை புறப்பட்டேன், நாற்பது தடவையும் சாய்ந்தேன். நீ பயப்படுகிற மாதிரி இல்லை, முழங்கால் உயரத்திலிருந்துதான் விழ வேண்டும். பழைய சைக்கிள் ஓட்டிய பழக்கம்தான் இதற்கு எதிரி. உடம்பை வளைத்துச் சமாளிக்க முடியாது. "கைப்பிடிய கோழிக்குஞ்சு மாதிரி புடிங்கண்ணே. சக்கரத்தப் பாக்காதீங்க. தெருக்கோடி டிரான்ஸ்பார்மரப் பாருங்க" என்று கத்திக்கொண்டே தபரேஸ் பின்னால் ஓடி வருவார். நேற்று அவர் சத்தம் நின்றுபோனதைக் கவனித்தேன். திரும்பிப் பார்த்தால் ஐம்பது அடி பின்னால் இடுப்பில் கை வைத்து நிற்கிறார். பதினான்கு மாதத்தில் யாரும் பிடிக்காமல் நான் போன முதல் ஐம்பது அடி அது.

பரண் விஷயத்தை நீயே எடுத்ததால் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாளெல்லாம் நான் ஏற்றிய கியர் பாக்ஸை எண்ணினேன். பதினொன்றுதான் வந்தது. நீ பதினெட்டு என்றாய். இப்போதெல்லாம் எண்ணினால் சில நாள் எனக்கே பதினெட்டு வருகிறது.

நவநீதன்


ஆம்பூர்,
17.1.2025

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு நீங்கள் வருவீர்கள் என்று உன் அண்ணி இரண்டு படி கூடுதலாக வைத்தாள். அதை விடு.

அந்தப் பைப்பைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுது. எந்தக் கடையில் வாங்கினார், எப்போது வாங்கினார்? வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் சிவப்பு இருக்கிறதா? ஒரு ஓரத்தில் சாவியால் சுரண்டிப் பார்த்துச் சொல். சும்மாதான் கேட்கிறேன். இரும்புக்காரன் புத்தி.

பதில் எழுதும் வரை வண்டியில் ஏறாதே. அவ்வளவு தாழ்வாகப் போனால் லாரிக்காரன் கண்ணுக்கு நீ தெரிய மாட்டாய். தெருநாய் முகத்துக்கு நேராக வரும். உனக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்றால் கம்பெனியில் செய்தது பெங்களூரில் கிடைக்குமாம், விசாரித்துவிட்டேன். ஒரே மாதத்தில் வரவழைத்துத் தருகிறேன். இதை எனக்கு அனுப்பிவிடு. கோவிந்தசாமியை அனுப்பி எடுத்துக்கொள்கிறேன்.

கோதண்டபாணி


பாகாயம்,
23.1.2025

அண்ணனுக்கு,

சும்மா கேட்கிற ஆள் இல்லை நீ. உன்னோடு பதினாறு வருஷம் குடோனில் நின்றிருக்கிறேன். ஒரு பொருளை நீ பழித்தால் அது உனக்கு வேண்டும் என்று அர்த்தம். இதை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வாய் என்றுதான் புரியவில்லை. யாருக்காவது விற்பாயா, அல்லது நான் மறுபடி உன் கையை எதிர்பார்த்துக் கிடக்க வேண்டுமா?

சுரண்டிப் பார்த்தேன். அடியில் சிவப்புதான். ஆம்பூர் பைபாஸில் தன்சீல் அகமது கடையில் போன அக்டோபரில் வாங்கினாராம். போதுமா?

இப்போது தினமும் மூன்று கிலோமீட்டர் போகிறேன். உலகம் வேறு மாதிரி இருக்கிறது. லாரிச் சக்கரத்தின் நட்டுகள் என் கண்ணுக்கு நேரே சுற்றுகின்றன. நீ சொன்னது போல நாய்க்கும் எனக்கும் ஒரே உயரம். முதல் நாள் குரைத்தது, இரண்டாம் நாளிலிருந்து முகர்ந்துவிட்டுப் போகிறது. லாரிக்காரனுக்குத் தெரிய மூங்கிலில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறோம். பிள்ளைகள், "அண்ணே, தலகாணி வேணுமா?" என்று கூடவே ஓடி வருகிறார்கள். இட்லிக் கடை முனியம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "காலு முன்னால போவக்கூடாதுப்பா. தூக்கினு போறப்பதான் அப்படிப் போவணும். கால மடக்கியாவது வையேன்" என்று தினமும் சொல்கிறாள். மடக்கினால் எப்படி மிதிப்பது என்று கேட்டேன். "அப்ப போவாத" என்கிறாள். உன் கடிதத்துக்கும் அவள் பேச்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அழுத்தி மிதித்தால் எனக்கு அடியில் எங்கேயோ ஒரு முனகல் கேட்கிறது. இருக்கைத் தோல் புதுசு, பழகினால் போய்விடும் என்கிறார் தபரேஸ்.

பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, அமிர்திக்குப் போகிறேன். கணியம்பாடி தாண்டிக் காட்டுப் பக்கம் ஏற்றம் வரும், தம் பிடித்து மிதிக்க வேண்டும். திரும்பும்போது பெடலே தொடாமல் இறங்கி வரலாம். அந்த இறக்கத்தை நினைத்துத்தான் தினமும் பழகுகிறேன்.

நவநீதன்


ஆம்பூர்,
28.1.2025

தம்பி,

அமிர்திக்குப் போகாதே. அந்த ஏற்றத்தில் மிதிக்காதே. அந்த இறக்கத்தில் விடவே விடாதே.

நான் சொல்வதைக் கொஞ்சம் யோசி. சாதாரண சைக்கிளில் மிதித்தால் உன் எடை பெடலில் இறங்கும். இதில் முதுகை இருக்கையில் முட்டுக் கொடுத்து உதைக்கிறாய். உதைக்கிற வலு முழுக்க இருக்கைக்கும் பெடலுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரே பைப்பில்தான் போய் விழுகிறது. அது தண்ணீர் போன பைப். வண்டிக்கு ஆன பைப் இல்லை. அந்த முனகல் தோலில் இருந்து வரவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. அண்ணன் சொல்கிறேன், கேள்.

கோதண்டபாணி


பாகாயம்,
1.2.2025

அண்ணனுக்கு,

எப்படித் தெரியும்?

பதினாறு வருஷம் நீ சொன்னதைக் காரணம் கேட்காமல் செய்தேன். "ஏத்துடா" என்றால் ஏற்றினேன். கடைசியில் ஏற்றியது என் குற்றம் என்று ஆனது. இனி காரணம் இல்லாமல் ஒன்றும் கேட்க மாட்டேன்.

வாரத்துக்கு ஒரு தடவை செயின் தொய்ந்து போகிறது, தபரேஸ் ஒரு கண்ணியை எடுத்து இறுக்குகிறார். பெடலும் முதலில் இருந்ததைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. புது வண்டி, ஒன்றோடு ஒன்று பொருந்துகிறது என்கிறார். அவர் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்திலும் ஏதோ ஒன்றை மறைக்கிறாய். நான் யார் பேச்சைக் கேட்பேன் என்று நீயே சொல்.

9ஆம் தேதி காலை ஐந்தரைக்குப் புறப்படுகிறேன்.

நவநீதன்


ஆம்பூர்,
5.2.2025

நவநீதா,

இதைக் கோவிந்தசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்துவிட்டால் என்ன செய்வேன்?

அந்தப் பைப் என்னுடையது. தன்சீல் அகமதுவுக்கு விற்றவன் நான். மூடிப்போன டேனரி ஒன்றில் பச்சைத் தோலை ஊறப் போட்ட உப்புத் தண்ணீரை வெளியே கொண்டுபோன லைன் அது. உனக்கும் தெரியும், கழற்றி எடுத்து வந்தது நாம்தான். ஆறடித் துண்டு, முனையில் வளையம் வைத்து போல்ட் போட்டது. லைன் நின்றுபோன பிறகு துண்டின் வயிற்றில், அடிப்பக்கத்தில், உப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்திருக்கிறது. நுனியைப் பார்த்தால் முழுத் தடிமன். மேல்பக்கம் தட்டினால் கணீரென்று இருக்கும். வாங்குகிறவன் நுனியைப் பார்ப்பான், மேல்பக்கம் தட்டுவான். அடிப்பக்கத்தை யாரும் தட்ட மாட்டார்கள். நானும் தட்டாமல்தான் வாங்கினேன். மலிவாகக் கிடைத்தது.

அதில் எட்டுத் துண்டை எடுத்துத்தான் நம் குடோனில் பரணுக்குக் கால் வைத்தேன்.

உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, முறிந்த காலை அன்றைக்கே எடுத்துப் பார்த்தேன். ஒரு பாதி இரும்பு, மறுபாதி அப்பளம். கியர் பாக்ஸையும் எண்ணினேன். பதினொன்று. உன் எண்ணிக்கை சரி. பதினெட்டு என்பது நான் கட்டிய கதை. பரண் என்னால் விழுந்தது என்று தெரிந்தால் என்னிடம் எவன் இரும்பு வாங்குவான் என்று நினைத்தேன். உன்மேல் போட்டால் சொந்தத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மீதித் துண்டுகளுக்குச் சிவப்பு அடித்து, மேலே வெள்ளி அடித்து விற்றுவிட்டேன். எடைக்குப் போட மனசு வரவில்லை. இதுதான் நடந்தது.

தபரேஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் போன மாதமே முடிந்திருக்கும். போட்டால் சாயங்காலத்துக்குள் கடைத்தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால்தான் லாரி, நாய் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று. திங்கட்கிழமை உன் தெருவுக்கு வந்தேன். முனையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். நீ என்னைக் கடந்து போனாய். நீ மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் அந்தப் பைப் நடுவில் மூச்சு விடுவது போல அசைந்தது. கண்ணாடியை இறக்கி "நவநீதா" என்று கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டால் சொல்ல வேண்டுமே என்று நினைத்தேன். அதற்குள் நீ திரும்பிவிட்டாய்.

நம்பாவிட்டால் சோதித்துப் பார். வண்டியைத் தலைகீழாக நிறுத்து. மூன்று அங்குல ஆணி ஒன்றை எடுத்து, பைப்பைச் சுற்றி நாலு பக்கமும் ஜாணுக்கு ஒரு இடமாக வைத்துச் சுத்தியலால் ஒரே தட்டு தட்டு. தபரேஸ் எந்தப் பக்கத்தை அடியில் வைத்தார் என்று எனக்குத் தெரியாது, அதனால் ஒரு பக்கமும் விடாதே. நல்ல பைப்பாக இருந்தால் ஆணி மடங்கும்.

கோதண்டபாணி


பாகாயம்,
8.2.2025

அண்ணனுக்கு,

கோவிந்தசாமி கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றான். "பதில் வாங்கியாறச் சொன்னாரு" என்றான். பதில் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

முதலில் நம்பவில்லை. அமிர்திக்குப் போகாமல் தடுக்க நீ கண்டுபிடித்த புதுத் தந்திரம் என்றே எழிலரசியிடம் சொன்னேன். அவள் திரும்பவும் படித்தாள். "பதினொண்ணுன்னு எழுதியிருக்காரே. அவருக்கே நஷ்டமாவற நம்பர அவரு எதுக்குப் பொய்யா எழுதணும்?" என்றாள். கடிதத்தைத் தபரேஸிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

இன்று காலை தபரேஸ் வண்டியைத் தலைகீழாக நிறுத்தினார். ஆணி வைத்தது நான். முதல் ஆறு இடத்திலும் ஆணிதான் மடங்கியது. "உங்க அண்ணன் பேஜார் புடிச்ச ஆளு" என்று சிரித்தார். ஏழாவது இடம் இருக்கைக்கு ஒரு ஜாண் முன்னால், அடிப்பக்கம். ஆணி தலை வரைக்கும் இறங்கிவிட்டது. அடுத்ததும் இறங்கியது. பிடுங்கினால் ஈரத் துருவாகக் கொட்டுகிறது. தபரேஸ் என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நாளைக்கு இதுலதான் உங்கள அனுப்ப இருந்தேன்" என்றார். பிறகு கட்டரை எடுத்துப் பைப்பை நீளவாட்டில் பிளந்தார். நான் பழகிய வண்டியை அறுக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தட்டு போதும் என்று இப்போது எனக்குப் பாடம் எழுதுகிறாய். பரணுக்குக் கால் வைத்த அன்று அந்த ஒரு தட்டை ஏன் தட்டவில்லை?

முதுகை விடு. பதினைந்து மாதமாக என் கையையே நான் நம்பவில்லை. எழிலரசி அலமாரியில் ஒரு பாத்திரத்தை வைக்கச் சொன்னால்கூட, அலமாரியை ஆட்டிப் பார்த்துவிட்டு வைக்கிறேன். கடையில் காகிதக் கட்டு அடுக்கும்போது வாய்விட்டு எண்ணுகிறேன். வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். இதை நீ பெயிண்ட் அடித்து மறைக்க முடியாது.

அந்தச் சரக்கை லாரியிலிருந்து இறக்கியவன் நான். நாற்பத்திரண்டு துண்டு. இந்த எண்ணில் எனக்குச் சந்தேகம் இல்லை. பரணுக்கு எட்டு. என் சைக்கிளுக்கு ஒன்று. முப்பத்து மூன்று எங்கே?

எனக்காகப் பயந்து எழுதினாய், என் உயிர் தப்பியது. மற்றவர்களுக்கு யார் எழுதுவது? என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதே. முப்பத்து மூன்றையும் பார்த்து முடித்துவிட்டு எழுது.

நவநீதன்


ஆம்பூர்,
2.3.2025

தம்பிக்கு,

முடித்துவிட்டு எழுது என்றாய். முடியவில்லை. முடியாது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

தன்சீல் அகமதுவிடம்தான் முதலில் போனேன். முழுதும் கேட்டுவிட்டு, "இன்னா ஜி, தோஸ்துன்னு நம்பி அடுக்கி வெச்சேனே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கடையில் விற்காமல் இருந்த நான்கை அங்கேயே அறுத்துப் போட்டோம். வாங்கிப் போனவர்களின் பெயரை அவரே எழுதித் தந்தார். மற்றதெல்லாம் நானே நேரில் விற்றது. ஒவ்வொரு வீடாகப் போனேன். மாட்டுக் கொட்டகை, பந்தல்காரர், ஒரு டியூஷன் சென்டரின் மாடிக் கைப்பிடி. போய் நின்று, நான் யார், என்ன விற்றேன் என்று சொல்வேன். சிலர் திட்டினார்கள். பந்தல்காரர் கை ஓங்கினார், அவர் மகன் பிடித்துக்கொண்டான்.

பேரணாம்பட்டில் சுகரா பேகம் என்று ஒரு அம்மாள். மாடியில் தண்ணீர் டேங்குக்குக் கால் வைக்க ஆறு துண்டு வாங்கியிருந்தார்கள். ஆயிரம் லிட்டர். அதன் நிழலில்தான் நாலு பெண்கள் குந்திக்கொண்டு ஷூ மேல்தோல் தைக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னதும் யாரும் எழுந்திருக்கவில்லை, நான் ஏதோ விற்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்கள். மூன்று காலில் ஆணி இறங்கிய பிறகுதான் எழுந்தார்கள். அந்த அம்மாள் டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு வருஷமா இதுக்குக் கீழதானே பச்சக் கொழந்தைய தூங்கப் போடறோம்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது கடைக்கு யாரும் போன் செய்வதில்லை. நான் பயந்தது அப்படியே நடந்தது. உனக்குப் புதுப் பைப் வாங்கி வைத்தேன், அனுப்பவில்லை. என் கையால் வருகிற இரும்பில் நீ உட்கார மாட்டாய், அது சரிதான். வேலூர் லாங் பஜாரில் தபரேஸ் ஒன்று வாங்கினார் என்று கோவிந்தசாமி சொன்னான். அதிலும் நாலு பக்கம் ஆணி வைத்தாராம்.

இருபத்தெட்டைப் பார்த்துவிட்டேன். ஐந்து கிடைக்கவில்லை. போன ஜூனில் மினி லாரியில் ஒரு ஆள் வந்தான். சட்டைப் பையில் பேனா, காலில் மண். ரொக்கமாகக் கொடுத்தான், பில் கேட்கவில்லை, நானும் போடவில்லை. மேல்பக்கம் தட்டிப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனான். எதற்கு வாங்குகிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேரம் வளரும் என்று யாரிடமும் கேட்பதில்லை. ஊர் தெரியாது, பெயர் தெரியாது. முகம்கூட இப்போது தினம் ஒன்றாக மாறுகிறது.

ரோட்டில் வெள்ளிப் பெயிண்ட் அடித்த பைப் எங்கே தெரிந்தாலும் வண்டியை நிறுத்திவிடுகிறேன். நேற்று வாணியம்பாடியில் ஒரு வீட்டு மாடிப்படிக் கைப்பிடி. இரண்டாவது தட்டு தட்டும்போது உள்ளே இருந்து ஒரு பெண், "யாருய்யா நீ, எங்க வூட்ல இன்னா ஆணி அடிச்சினு கீற?" என்று வந்தாள். சொன்னேன். பைத்தியம் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். மற்ற கைப்பிடிகளையும் தட்டிவிட்டுத்தான் இறங்கினேன். மேலே இரண்டு பிள்ளைகள் அந்தக் கைப்பிடியில் வயிற்றை வைத்துத் தொங்கியபடி, நான் காரில் ஏறுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

அது நல்ல பைப். ஐந்து பாக்கி.

கோதண்டபாணி